பதினேழாவது கொண்டை ஊசி

விர்ஷிச் கணவாய்க்கு இந்தப் பக்கம்
இருபத்து நான்கு கொண்டை ஊசி வளைவுகள்.
ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, உயரம் எழுதி
பலகை நட்டிருக்கிறார்கள்,
ஏறுகிறவளுக்கு மிச்சத்தைச் சொல்லிக் கடுப்பேற்ற.

பந்தயம் யெர்னேயின் யோசனை.
"நீ சைக்கிளில் போ, நான் நடக்கிறேன்.
உச்சிக்கு முதலில் யாரோ
அவருக்கு மூரி."

மற்றதெல்லாம் பிரித்தாயிற்று.
காரை விற்று ஆளுக்குப் பாதி.
தேனீப் பெட்டிகள் அவனுக்கு,
பனிச்சறுக்குக் கட்டைகள் எனக்கு.
தேநீர்க் கெண்டியை இருவருமே வேண்டாமென்று
வாடகை வீட்டின் அடுப்பிலேயே விட்டுவந்தோம்.
நாய்க்கு மட்டும் நடுவில் கோடு போட
எந்த வக்கீலுக்கும் தெரியவில்லை.
அது மலைக்கு அந்தப் பக்கம், திரெந்தாவில்,
அவன் அக்கா வீட்டு ஆடுகளைப் பார்த்துக்
குரைத்துக்கொண்டிருக்கும், ஒன்றும் அறியாமல்.

ஆறு மணிக்கு ஏரிக்கரையில் பிரிந்தோம்.
சாலை வளைந்து வளைந்து ஏறும்.
ஒற்றையடிப் பாதை அதை
ஓட்டுத்தையல் போல ஊடே ஊடே வெட்டிக்கொண்டு போகும்.

முதல் வெட்டில் அவன் எனக்கு முன்னால்.
முதுகு மட்டும் தெரிந்தது;
பச்சைப் பையில் நான் போட்ட ஒட்டு.
அடுத்ததில் நான்.
மணியடித்துக் கடந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டாவது வளைவுக்குப் பக்கத்தில்
ருஷ்யக் கைதிகளின் மரக் கோயில்.
நூறாண்டுக்கு முன் இந்தச் சாலையை வெட்டியவர்கள்
பனிச்சரிவில் போனார்கள், பெயர்கூட மிஞ்சாமல் பலர்.
அங்கே நான் ஒரு காலை ஊன்றினேன்.
அவன் தொப்பியைக் கழற்றினான்.
"தண்ணீர் இருக்கிறதா?"
"இருக்கிறது."
"சரி" என்றான்.
கேட்கவில்லை, விசாரித்தான்.

அதற்குமேல் பேச்சுக்கு மூச்சில்லை.
வளைவுகளில் மட்டும் கருங்கல் பாவியிருக்கும்;
சக்கரம் ஒவ்வொரு கல்லையும் என் பல்லில் எண்ணிக் காட்டியது.
கும்பலாக மோட்டார் பைக்குகள் உறுமிக் கடந்தன.
ஊசியிலை வாசம் திரும்பி வர
அரை வளைவு பிடித்தது.
பிரிசாங்க் பாறைச் சுவரில்
ஒரு பெண்ணின் முகம் தெரியும் என்பார்கள்.
எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.
தெரிகிறது தெரிகிறது என்று
கல்யாணமான வருஷம் அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

பதினேழில் அவன் வரவில்லை.
பாதை வாயைப் பார்த்தேன்.
இரண்டு நிமிடம். ஐந்து.
ஜெயித்தாய், மிதி, என்றது தொடை.
சைக்கிளைப் பலகையில் சாய்த்துவிட்டு
இறங்கினேன்.
சைக்கிள் ஷூவுக்குப் பாறையில் நடக்கத் தெரியாது,
வாத்து மாதிரி வழுக்கி வழுக்கி.

பீச் மர வேரில் உட்கார்ந்திருந்தான்.
வலது ஷூ முதலை போல வாய் பிளந்திருந்தது.
"புதுசு வாங்கு என்று நீ அப்போதே சொன்னாய்."
"ஆமாம்."
"சொன்னேனே என்று இப்போது சொல்ல மாட்டாயா?"
"மூச்சு வாங்குகிறது. பிறகு சொல்கிறேன்."

உதிரி ட்யூபை நீளவாக்கில் கிழித்தேன்.
அவன் காலை என் முட்டியில் வைத்து
மூன்று சுற்று, ஒரு முடிச்சு.
ஒன்பது வருஷத்தில் இந்தக் காலை
இவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை.
எதுவும் மாறிவிடவில்லை.
ரப்பர் நாற்றம், எறும்பு,
அவன் காலுறையில் ஓட்டை.

மிச்ச ஏழு வளைவும்
நடுவில் சைக்கிளை வைத்துத் தள்ளிப் போனோம்,
கைப்பிடி அவனிடம், இருக்கை என்னிடம்.
அடிக்கு அடி ரப்பர் கீச்சிட்டது.

உச்சியில் காற்று; சாலை நடுவே படுத்த ஆடுகள்;
ஹாரன் அடித்தும் அசையாததால்
தானே அணைந்துவிட்ட ஒரு பேருந்து.
"முன் சக்கரம்தான் முதலில் வந்தது" என்றேன், "சைக்கிள் என்னுடையது."
"திருப்பியது என் கை."
"தள்ளியது யார்?"
ஆடுகள் எங்களைப் பார்த்தன.
தீர்ப்பு வரவில்லை.

அந்தப் பக்கம் இறக்கம், இருபத்தாறு வளைவுகள்.
"நீ ஏறிப் போ, நேஷா.
அரை மணியில் இறங்கிவிடுவாய்.
நான் மெதுவாக வருகிறேன்."

"பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது" என்றேன்.

போன வியாழக்கிழமைதான் மாற்றினேன்.